கூடைக்கு முதுகு கொடுத்தவர்

வலக்காலைத் தரையில் ஊன்றி, இடக்காலை மட்டும் கவராயம் போல் வட்டமாக நகர்த்தி, லாட்டிர் சேன் கூரையின் உட்புறத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வட்டம் முடிந்ததும் வலக்காலை ஓரடி தள்ளி ஊன்றுவார். அடுத்த வட்டம் தொடங்கும். ஏணி இல்லை, முக்காலி இல்லை. உயரம் இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர். கையை நீட்டினால் தூரிகையின் நுனி எந்த வீட்டுக் கூரையையும் எட்டிவிடும். முதன்முறை வேலைக்கு அழைத்தவர்கள் வாசலில் நின்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுண்டு.

"ஏணி எங்கப்பா? கொண்டு வரலியா?"

"அதான் வந்துருக்கேனேம்மா. உள்ள விடுங்க."

தியெஸ் நகரின் ராண்டுலேன் பகுதியில் பாதி வீடுகளின் கூரை அவர் கை பட்டது. மீதிப் பாதி தகரம்.

வேலைக்குக் குதிரை வண்டியில்தான் போவார். வண்டிக்காரருக்கு முதுகைக் காட்டி, பின்னோக்கி உட்கார்ந்து, இரண்டு சுண்ணாம்பு வாளிகளையும் மடியில் வைத்துக்கொள்வார். பாதங்கள் ஏறத்தாழத் தரையைத் தொட்டபடி வரும். வண்டி எங்கே திரும்புகிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இறங்க வேண்டிய வாசல் வந்ததும் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். காரணம் கேட்டால் குதிரையின் மேல் பழி போடுவார்.

"முன்னால பாத்து ஒக்காந்தா என் முழங்காலு அதோட வால்ல இடிக்குது. அதுக்குக் கோவம் வருது. அப்புறம் பாருங்க, பின்பக்கமாவே போயிப் பழகிட்டா முதுகுக்குத் தானா கண்ணு வந்துடும்."

முதுகுக்குக் கண் உண்டு என்பதை நான் நம்புகிறேன். பதினோரு பருவங்களாக எங்கள் பகுதிப் போட்டிகளுக்கு ஆட்டத்தாள் எழுதிவருபவன் என்ற முறையில், அந்த முதுகு செய்த வேலை என் தாள்களில் இருக்கிறது.

லாட்டிர் ராண்டுலேன் கூடைப்பந்து அணியின் நடுவாட்டக்காரர். பதினைந்தாம் எண் சட்டை. வயது முப்பத்தாறு. காலணியின் அளவு ஐம்பது. சந்தையில் அந்த அளவு கிடைப்பது அரிது என்பதால், கிடைத்த ஒரே இணைக்கு வண்டிச் சக்கர ரப்பரால் இருமுறை அடி தைத்திருக்கிறார். ஆட்டத்துக்குமுன் உள்ளங்கை இரண்டிலும் ஷியா மரக்கொட்டை வெண்ணெய் தடவி, பிறகு அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார். துடைப்பதற்காக ஏன் தடவ வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அவருடைய ஆட்டம் பழைய ஆட்டம். எதிரணியின் கூடைக்கு வெகு அருகே, கூடைக்கு முதுகைக் கொடுத்து நிற்பார். பந்து அவரிடம் வர வேண்டும். வந்ததும், பின்னால் நிற்கும் தடுப்பாளர் இடப்புறம் சாய்கிறாரா, வலப்புறம் சாய்கிறாரா என்பதை முதுகால் தொட்டறிவார். எதிர்ப்புறமாகச் சுழன்று பந்தைக் கூடைக்குள் வைத்துவிடுவார். தடுக்க இருவர் வந்தால், ஆளில்லாமல் நிற்கும் தம் அணியினர் ஒருவருக்குப் பந்தை அனுப்புவார். புறங்காட்டுவது தோற்றவர் இலக்கணம் என்றுதான் எல்லா மொழிகளும் சொல்லும். லாட்டிர் புறங்காட்டியே பத்தாண்டு காலம் வென்றிருக்கிறார்.

"நான் எங்கயும் ஓட மாட்டேன். பந்துக்கு வேணும்னா அது எங்கிட்ட வரட்டும்" என்பது அவர் கொள்கை.

சில ஆண்டுகளாக உலகம் அந்தக் கொள்கைக்கு எதிராகப் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பல அணிகள் நெடியவர்களை உட்காரவைத்துவிட்டு ஐந்து குட்டையர்களை இறக்குகின்றன. ஐவரும் ஓடுகிறார்கள், ஐவரும் மூன்று புள்ளி தரும் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார்கள். கூடையின் கீழ் எவரும் தங்குவதில்லை. நெடியவர் தம் ஆளைத் தடுக்க வளைகோடு வரை வெளியே வர வேண்டும்; வந்தால் கால் தாமதிக்கும்; வராவிட்டால் மூன்று புள்ளி. இரண்டைப் போட்டு மூன்றைக் கொடுப்பவன் எத்தனை நாள் பிழைப்பான் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. அதில் சேராத ஒன்று உண்டு என்பது லாட்டிரின் கட்சி.

அந்தக் கட்சியை அவர் வாதாடியது ஒரு வெள்ளிக்கிழமைப் பகல், சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி. அவர் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, நடுவே மீன்சோறு வைத்து, ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். எதிரே அணியின் பயிற்சியாளர் அஸ்து. நாற்பத்தொரு வயது, ஒரு காலத்தில் நாட்டணியின் பந்து கடத்துபவராக ஆடியவர், பேச்சில் வீண்சொல் இராது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அவரைக் 'கோச்சக்கா' என்பார்கள்.

"லாட்டிரு, நீ நல்லா ஆடுற. நான் இல்லேங்கல. ஆனா நீ நிக்கற எடம் இப்ப யாருக்கும் வேணாம். அந்த எடத்த காலி பண்ணினா நம்ம பசங்க அதுக்குள்ள வெட்டி ஓடுவாங்க."

தாம்பாளத்தின் நடுவில் முழு மீன் கிடந்தது. நம் முன் உள்ள சோற்றை மட்டும் உண்பதும், நடுவில் இருப்பதை வீட்டுக்காரர் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவதும் இங்கே முறை. அன்று லாட்டிர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் ஐவரும் எங்கள் ஓரத்துச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தோம். மீனும் காரட்டும் முட்டைக்கோசும் நடுவில் அப்படியே இருந்தன.

"என்னப்பா, மீனத் தரமாட்டியா?" என்றார் அஸ்து.

"எதுக்கு? எல்லாரும் ஓரத்துலயே ஒக்காந்து தின்னா போதும்னீங்களே."

"லாட்டிரு..."

"நடுவுல ஒருத்தன் கைய வெக்கணும் கோச்சக்கா. அவன் திங்கறதுக்காக இல்ல. அவன் பிச்சுத் தள்ளினாத்தான் ஓரத்துல இருக்கறவனுக்கு மீனு." இவ்வளவும் சொல்லி முடித்த பிறகே மீனைப் பிய்த்தார். பெரிய துண்டு அஸ்துவின் பக்கம் போனது.

அஸ்து அதைத் தின்றார், ஆனால் மசியவில்லை. "நாளைக்கு, சனிக்கிழமை, எஸ்கால் அணியோட இறுதி ஆட்டம். அவங்க அஞ்சு பேருமே குட்டை. ஒன்னைய எறக்கறேன். அவங்கள நீ அடக்கிட்டா அடுத்த வருச அணியில ஒம் பேரு இருக்கும். இல்லேன்னா நாமளும் அஞ்சு குட்டைதான். அப்ப நீ எனக்கு வெள்ளையடிச்சுக் குடுத்தாப் போதும். வருத்தப்படாத."

"சனிக்கிழமை வரட்டும்" என்றார் லாட்டிர்; கூடவே, இன்னும் கொஞ்சம் சாப்பிடச் சொன்னார்.

எஸ்கால் அணியைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று இல்லை. தெரிந்ததில் ஒன்றை எண்ணிப்பார்க்கவில்லை, அவ்வளவே.

எஸ்காலின் தலைவர் அன்சு ஜாத்தா. உயரம் ஒரு மீட்டர் எழுபத்துமூன்று. தையற்காரர். ஊசியில் நூல் கோப்பது போல் பந்தை ஆட்களிடையே செலுத்துவார். அவர் ஜோலா இனத்தவர், லாட்டிர் செரேர் இனத்தவர். ஒரே படகில் வந்த அக்காள் தங்கை இருவரின் வழித்தோன்றல்கள் இவ்விரு இனமும். கடலில் படகு இரண்டாகப் பிளந்ததால் பிரிந்தார்கள் என்பார்கள். ஆகவே இரண்டுக்கும் இடையே கேலி உறவு. முன்பின் அறியாத செரேரும் ஜோலாவும் சந்தையில் எதிர்ப்பட்டாலும் ஒருவரையொருவர் 'என் அடிமை' என்று அழைக்கலாம். சோற்றைப் பழிக்கலாம், ஊரைப் பழிக்கலாம். எவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதைவிட முக்கியம், பதில் சொல்லாமல் போகக் கூடாது. கேலிக்குப் பதில் தராதவன் உறவை அறுத்தவன். அந்தப் பதிலும் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னால் அது வசை.

அன்சு இந்த ஒழுங்கை நன்றாக அறிந்தவர். மாலைத் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கியபோது, லாட்டிருக்குப் பின்னால் நிற்பதற்கு அவர் தம்மையும், அணியிலிருந்த வேறு இரு ஜோலா இளைஞர்களையுமே மாற்றி மாற்றி நிறுத்தினார். நெடியவரைத் தள்ளி நிறுத்தும் தோள்வலி அம்மூவரில் ஒருவருக்கும் இல்லை. எங்கள் பக்கத்தார் சிரித்தார்கள்.

முதல் பந்து லாட்டிரின் கைக்கு வந்தது. பின்னாலிருந்து, அவர் தோளுக்கும் கீழேயிருந்து, அன்சுவின் குரல் எழுந்தது.

"ஏய் அடிமை! எசமான் வந்துருக்கேன். எந்திரிச்சு நின்னு மரியாத குடு!"

லாட்டிர் முகத்தைத் திருப்பினார். "நின்னுக்கிட்டுத்தானடா இருக்கேன். ஒன் உயரத்துக்கு என் முழங்காலு மட்டும்தான் தெரியும்!"

திரும்பும்போது பந்து நெஞ்சிலிருந்து இடுப்புக்கு இறங்கியிருந்தது. அதற்குள் எஸ்காலின் இன்னொரு குட்டையர் குனிந்து வந்து அதைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டார். மறுகோடியில் இரண்டு புள்ளி.

இரண்டாம் முறை: "அடிமை, நேத்து ராத்திரியும் கம்புக் கஞ்சிதானா? வாசன இங்க வருது!" லாட்டிர் திரும்பினார், "நீ குடிச்ச பனங்கள்ளு வாசனடா அது" என்றார், பந்து போயிற்று. மூன்றாம் முறை பந்து பறிபோனதும் ஒரு குட்டையர் ஓடிப்போய் வளைகோட்டில் நின்று நிதானமாக எறிந்தார், மூன்று புள்ளி. அரங்கு முழுவதும் வயிறு குலுங்கச் சிரித்தது, எங்கள் பகுதிக்காரர்கள் உட்பட. கேலி நன்றாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நடுவர் ஊதவில்லை, கேலி உறவைக் குற்றமாக எழுதும் நடுவரை இந்த ஊரில் எவரும் தேநீருக்கு அழைக்கமாட்டார்கள்.

இடைவேளையில் எண்கள் இப்படி இருந்தன. எஸ்கால் நாற்பது, ராண்டுலேன் இருபத்தொன்பது. முதற்பாதியில் லாட்டிர் கைக்குப் பந்து வந்தது பதினான்கு முறை. கூடையில் போட்டவை நான்கு, பிறருக்குக் கொடுத்தவை மூன்று, இழந்தவை ஏழு. இழந்த ஏழில் ஆறின்போது அவர் வாய் திறந்திருந்தது.

ஆட்டத்தாள் மேசைக்கு ஐந்தடி தள்ளித்தான் எங்கள் அணியின் பெஞ்சு. அஸ்து லாட்டிரின் முன் வந்து நின்றார். உட்கார்ந்திருந்த அவர் கண்ணும் நின்றிருந்த இவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன.

"வாய மூடு. அவன் என்ன சொன்னாலும் பதில் பேசாத. இருபது நிமிசம். அதுக்கப்புறம் போயி விடிய விடியப் பேசு."

"அது முடியாது கோச்சக்கா."

"ஏன் முடியாது?"

"ஜோலாக்காரன் கூப்பிட்டு செரேர்காரன் வாய மூடிக்கிட்டு நின்னான்னா எங்காத்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அவ விட்டாலும் நான் போகமாட்டேன்."

"அப்ப ஒக்காரு. நான் அஞ்சு குட்டைய எறக்கறேன்."

லாட்டிர் தண்ணீர்ப் புட்டியை வாயருகே கொண்டுபோனவர், குடிக்காமல் எதிர்ப்பெஞ்சைப் பார்த்தார். எஸ்காலின் ஐவரும் கால்களை நீட்டி, தலையைப் பின்னே சாய்த்து, காற்றை வாரி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அன்சுவின் விலா எலும்புகள் துருத்தியைப் போல் ஏறி இறங்கின. லாட்டிர் தம் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது சாவகாசமாக இருந்தது.

"கோச்சக்கா, அவனுங்க ஓடுறானுங்க. நான் நிக்கிறேன். மூச்சு யாருகிட்ட இருக்கு?"

அஸ்து எதிர்ப்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

"அவன் கூப்பிட்டா நான் பதில் சொல்லணும். சரி. நான் கூப்பிட்டா?"

அஸ்துவின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. வரவேண்டிய இடத்தில் வாயோரம் ஒருமுறை துடித்தது. "அஞ்சு நிமிசம் பாக்குறேன்" என்றார்.

மூன்றாம் பகுதி தொடங்கியது. எஸ்கால் எறிந்த பந்து தவறி எங்கள் வசம் வந்தது. வழக்கமாக லாட்டிர் மறுகோடிக்கு நடந்துபோவார். அன்று கொஞ்சம் விரைந்து நடந்து, தம் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார். பந்து இன்னும் அவரிடம் வரவில்லை. தடுக்க ஓடிவந்துகொண்டிருந்த அன்சுவை நேருக்குநேர் பார்த்து, இரு கைகளையும் அகல விரித்து வரவேற்றார்.

"வாங்க வாங்க என் அடிமை! மெதுவா வாங்க! நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஒங்க ஊரு நெல்லு அறுத்து, குத்தி, பொங்கியே முடிச்சிருப்பாங்க!"

ஓடிக்கொண்டிருந்த அன்சு பதில் சொல்ல வேண்டியவரானார். "ஒன்... ஒன் கஞ்சி கொதிக்கறதுக்குள்ள... நான் பத்து தடவ... வந்துட்டுப் போயிருவேன்டா... அடிமை!"

அவர் முடிக்கும்போது லாட்டிர் முதுகைக் கொடுத்துத் திரும்பியிருந்தார். பந்து வந்தது. கேலியைத் தொடங்கியவர் அவர். பதில் சொல்லும் கடமை அன்சுவுக்குத்தான். ஆகவே திரும்ப வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சுழற்சி, இரண்டு புள்ளி.

அடுத்த முறையும் அதே வரவேற்பு, அடுத்த ஜோலா இளைஞருக்கு. "தம்பி, அன்சு மாமா ஒனக்கு சட்ட தைக்கையில மிச்சத் துணிய நெஞ்சுலயே வெச்சுத் தைச்சுட்டாரா? இப்பிடி இரைக்குது!" அந்த இளைஞர் நின்று யோசித்து, ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடித்து, அதைச் சொல்லி முடிக்கையில் பந்து கூடைக்குள் இருந்தது. எந்த மூச்சில் ஓடுவார்களோ அதே மூச்சில்தான் பேசவும் வேண்டும். மனிதனுக்கு நுரையீரல் ஒரு ஜதைதான். நின்றே ஆடுபவருக்கு இதில் நட்டமில்லை.

கேலி மட்டுமே காரணம் என்று சொன்னால் லாட்டிரின் கைகளுக்கு அநியாயம் செய்தவனாவேன். இரண்டாம் பாதியில் அவர் பந்தைத் தலைக்கு மேல் நீட்டிய கைகளிலிருந்து இறக்கவே இல்லை. அங்கே வைத்தால் எஸ்காலில் எவர் குதித்தாலும் விரல் படாது. இருவர் தடுக்க வந்தபோதெல்லாம் அந்த உயரத்திலிருந்தே மூலைக்கு எறிந்தார். தவறி எகிறிய பந்துகளைத் தாமே எடுத்து மீண்டும் போட்டார். அதனால் எஸ்காலுக்கு இன்னொரு தொல்லை முளைத்தது: முன்பு பந்து எறியப்பட்ட கணமே மூவர் மறுகோடிக்குப் பறந்துவிடுவார்கள், இப்போது மீள்பந்துக்காக நால்வர் லாட்டிரைச் சுற்றித் தங்கி, அவரைத் தள்ளிப் பார்த்து, தள்ள முடியாமல் களைத்து, அதன் பிறகே ஓட வேண்டியிருந்தது.

ஆனால் அவர்கள் எறிவதை நிறுத்தவில்லை. லாட்டிர் வளைகோடு வரை வரமாட்டார் என்பதறிந்து அன்சு அங்கிருந்தே மும்முறை வெற்றிகரமாக எறிந்தார். ஒன்பது புள்ளி. மூன்றாம் பகுதி முடிகையில் ஐம்பத்தைந்துக்கு ஐம்பது, எஸ்கால் முன்னிலை. அஸ்து சொன்ன ஐந்து நிமிடம் பத்தாகியிருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாரேயன்றி, லாட்டிரை வெளியே எடுக்கவில்லை.

நான்காம் பகுதியில் அன்சுவின் எறிகள் வளையத்தின் முன்விளிம்பில் படத் தொடங்கின. குறி தவறவில்லை, தூரம் குறைந்தது. குறி கையில் இருக்கிறது, தூரம் காலில் இருக்கிறது என்பது இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அறிந்தது.

முப்பத்தெட்டு விநாடிகள் எஞ்சியபோது எஸ்கால் அறுபத்தேழு, ராண்டுலேன் அறுபத்தாறு. பந்து எங்களுடையது. அஸ்து ஓய்வு கேட்டார். உடனே அலசான் என்ற இளைஞர், வெளியிலிருந்து எறிவதில் தேர்ந்தவர், மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டே என் மேசைக்கு வந்து நின்றார். மாற்றாட்டக்காரர் அங்கேதான் வந்து சொல்ல வேண்டும்.

"யாருக்குப் பதிலா?" என்று கேட்டேன்.

"அதக் கோச்சக்காதான் சொல்லணும். ஆனா பதினஞ்சுதான்னு நெனைக்கிறேன் பெரியவரே. அஞ்சு பேரும் வெளிய நின்னு எறியப் போறோம்."

என் பென்சில் பதினைந்தாம் எண்ணின்மேல் ஏற்கெனவே இருந்தது. பெஞ்சருகே லாட்டிர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையையும் பார்த்தார், அலசானையும் பார்த்தார். எது எழுதப்படப் போகிறது என்பது அவருக்கும் தெரிந்தது. கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"கோச்சக்கா, நான் உள்ள நின்னா எத்தன பேரு எம்மேல வருவாங்க?"

"ரெண்டு."

"அப்ப இடது மூலையில நம்மாளு ஒருத்தன் சும்மா நிப்பான். அங்க யாரு நின்னா ஒங்களுக்கு நிம்மதி?"

அஸ்து அவரை ஏறிட்டுப் பார்த்தார், அலசானைப் பார்த்தார். பிறகு என் மேசையை நோக்கிக் கைகளை உயர்த்தி எட்டு விரல்களை விரித்துக் காட்டினார். பந்து கடத்துபவரின் எண் அது. நான் பென்சிலை நகர்த்தினேன்.

பந்து உள்ளே வந்தது. இரண்டு தட்டில் லாட்டிரின் கைக்குப் போயிற்று. அவர் நினைத்தபடியே இருவர் அவர்மேல் விழுந்தார்கள், ஒருவர் அன்சு. அன்சு அந்தக் கடைசிப் பகுதி முழுவதும் பதிலைச் சுருக்கி, ஒற்றைச் சொல்லாக்கி, மூச்சைச் சேர்த்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கிற்று. பந்து லாட்டிரிடம் சேர்ந்த அதே நொடியில் பின்னாலிருந்து அவர் குரல் எழுந்தது.

"அடிமை! ஒன்..."

ஜோலாக்காரர் முதலில் அழைத்துவிட்டார். செரேர்காரர் திரும்பியே ஆக வேண்டும். அரங்கில் எங்கள் பகுதிப் பெண்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு "திரும்பாத! திரும்பாத!" என்று கத்தினார்கள். லாட்டிர் திரும்பினார். ஆனால் முகம் மட்டுமே திரும்பிற்று; பந்தைப் பிடித்த கைகள் இரண்டும் தலைக்கு மேல், எவருக்கும் எட்டாத இடத்தில் நின்றன. எஸ்காலின் குட்டையர்கள் அவர் விலாவருகே தாவித் தாவிக் காற்றைத் தட்டினார்கள்.

"சொல்லு அன்சு. கேக்குறேன்" என்றார், அன்சுவின் கண்களைப் பார்த்து.

அன்சு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

லாட்டிர் பார்வையை எடுக்காமலே பந்தை இடது மூலைக்கு அனுப்பினார். அங்கே அலசான் தன்னந்தனியாக நின்றிருந்தார். அவர் எறிந்தது வளையத்தைத் தொடாமல் வலையில் இறங்கியது. அறுபத்தொன்பது.

எஸ்காலுக்கு இருபது விநாடிகள் இருந்தன. ஓடினார்கள், இறுதிவரை நன்றாகவே ஓடினார்கள். அன்சு வளைகோட்டிலிருந்து எறிந்தார். பந்து முன்விளிம்பில் பட்டு எகிறியது. லாட்டிர் இரண்டு கைகளாலும் அதைப் பற்றி, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, மணி ஒலிக்கும்வரை அப்படியே நின்றார்.

அன்சு எறிந்த வேகத்திலேயே தடுமாறி வந்து கூடையின் கீழ் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை தரையில், ஒரு கை நெஞ்சில். எங்கள் பகுதி முழுவதும் வேலியைத் தாண்டி ஆடுகளத்துக்குள் கொட்டியது. அஸ்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, லாட்டிரின் முதுகில், தமக்கு எட்டிய இடத்தில், ஓங்கி ஒன்று வைத்தார்.

"திங்கக்கெழம ரெண்டு போட்டோ கொண்டு வா! அடுத்த வருச அணி அட்டைக்கு! கேக்குதா?"

கேட்டதா என்று சொல்வதற்கில்லை. லாட்டிர் பந்தைக் கீழே வைத்துவிட்டு, ஒட்டகம் படுப்பது போல் மூன்று மடிப்பாக மடங்கி, அன்சுவின் முன் மண்டியிட்டார். இடக்கையால் அவர் தோளைத் தாங்கி, பாதியில் நின்ற கேலியைக் கேட்கத் தம் காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்தார். பின்னால் சொந்த அணியினரும், பெண்களும், கொட்டடிப்பவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டுபோக நெருக்கினார்கள். அவர் வலக்காலை அகற்றி ஊன்றி, முதுகை விரித்து, அத்தனை பேரையும் அப்படியே நிறுத்தினார். அன்சுவுக்கு மூச்சு வரும்வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.